ஏழாம் பக்கம், மூன்றாவது வரிசை

என் வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ மகனிடம் சொல்வாய், அவன் பெரியவளிடம் சொல்வான், அவள் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். ஆகவே இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் இருப்பாய்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். பார்க்கிறோம், சரி. மகன் கையில் போன், அவன் தோளுக்குப் பின்னால் மருமகள், உன் மடியில் இரட்டைப் பிள்ளைகள், ஓரத்தில் உன் அரை முகம். நான் ஏதாவது கேட்கத் தொடங்கினால், "நல்லா இருக்கேங்க, மாத்திரை போட்டீங்களா?" என்கிறாய். அதற்குள் போன் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு வருஷம் இரண்டு மாதமாக நாம் பேசிக்கொண்டதை எல்லாம் கூட்டினால் மாத்திரைதான் மிஞ்சும். கடிதத்தை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். என் கையெழுத்தைப் படிக்க மகனுக்குப் பொறுமை கிடையாது. மருமகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நீ எழுத்துக் கூட்டி மெதுவாகவே படி. அவசரமில்லை.

மனு எழுதுகிறவன் முதலில் விவரத்தை எழுத வேண்டும். கோரிக்கை கடைசியில்தான் வர வேண்டும். முப்பத்தொரு வருஷம் பதிவு ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு எழுதிய பழக்கம். உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன். பொறுத்துக்கொள்.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது மகன், "ஆறு மாசம்தான்ம்மா, குழந்தைங்க கழுத்து நிக்கிற வரைக்கும்" என்று கூப்பிட்டான். அதே வாரம் பெரியவள், "அப்பா தனியா என்ன பண்ணுவார்? இங்க அனுப்புங்க, பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஆள் இல்ல" என்றாள். அக்காளும் தம்பியும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சமைக்கத் தெரிந்த உனக்குப் போட்டி இருந்தது. எனக்குப் போட்டி இல்லை, மிச்சமாக இங்கே வந்தேன். வீட்டைப் பூட்டி, நீ ஒரு விமானத்திலும் நான் ஒரு விமானத்திலும் ஏறினோம். பிள்ளைகளுக்குக் கழுத்து நின்றது, தவழ்ந்தன, இப்போது ஓடுகின்றன. உன் விசாவைத்தான் நீட்டி நீட்டி வைத்திருக்கிறான்.

இங்கே எட்டாவது மாடி. மாப்பிள்ளை இரவு பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் ஸ்பூன் விழுந்தால் எழுந்துவிடுவார். அதனால் நான் பகலெல்லாம் காலுறை போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடக்கிறேன். டி.வி.யில் வாய்கள் அசைவதைப் பார்க்கிறேன். தும்மல் வந்தால் லிப்டில் இறங்கிப் போய்த் தும்முகிறேன். பெரியவள் பல் டாக்டரிடம் வேலை முடித்து வந்து, "இன்னைக்கு என்ன பண்ணீங்கப்பா?" என்கிறாள். சத்தம் போடாமல் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். பேத்தியிடம் தமிழில் பேசினால் அவள் இந்த ஊர் மொழியில் பதில் சொல்கிறாள், கடைக்காரருக்குச் சொல்வது போல மரியாதையாக.

இனி விஷயம்.

போன வாரம் மகன் ஒரு படிவம் அனுப்பினான். மாப்பிள்ளை பஸ் டிப்போவில் அச்செடுத்துக் கொடுத்தார். பதினெட்டுப் பக்கம். நீயும் நானும் மகன் இருக்கும் நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டச் சொல்லியிருந்தான். போனில் சொல்கிறான்: "அப்பா, நீங்க ஒண்ணும் படிக்க வேணாம். மஞ்சள் ஒட்டின இடத்துல மட்டும் போட்டு அனுப்பிடுங்க."

யாரிடம் சொல்கிறான், பார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். படிவங்களைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். ஊரில் பாதிப் பேரின் பிறப்பும் இறப்பும் என் பேனா வழியாகத்தான் ஆபீசுக்குள் போயின. அவனை லிப்ட் மெக்கானிக் படிப்பில் சேர்த்த விண்ணப்பத்தை எழுதியதும் இந்தக் கைதான். படிக்க வேண்டாமாம்.

படித்தேன். ஏழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. விண்ணப்பதாரர்களின் பிள்ளைகள் அனைவரையும் எழுதவும். உயிரோடு இருப்பவர், இறந்தவர், தத்துக் கொடுக்கப்பட்டவர், தொடர்பில் இல்லாதவர், ஒருவரையும் விடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் வரிசையில் பெரியவள். இரண்டாவதில் மகன். மூன்றாவதில் ஒரு கோடு.

சின்னவளைக் காணோம்.

உடனே மகனைக் கூப்பிட்டேன். லிப்டுக்குள் இருந்தான் போலிருக்கிறது, குரல் குழிக்குள்ளிருந்து வந்தது. "அப்பா, இங்க ஒரு ரூல் இருக்கு. பிள்ளைங்கள்ல பாதிப் பேராவது இந்த நாட்டுல இருக்கணும். மூணு பிள்ளை மூணு நாட்டுல இருந்தா எந்த நாட்டுக்காரனும் உங்களைச் சேத்துக்க மாட்டான். ரெண்டு பிள்ளைன்னு போட்டா ஒருத்தன் இங்க. பாதிக் கணக்கு சரியாயிடும்" என்றான். எனக்கு மூன்று பிள்ளைகள்டா என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒம்பது வருஷமா நீங்கதானேப்பா ரெண்டு பிள்ளைன்னு சொல்லிட்டிருக்கீங்க? கல்யாண வீட்டுல சொன்னீங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப சொன்னீங்க. என் மாமனார்கிட்ட பொண்ணு கேக்கப் போனப்பவும் சொன்னீங்க. நான் என்ன புதுசாவா எழுதிட்டேன்?"

போனை வைத்துவிட்டேன். மாலையில் பெரியவளும் பிடித்துக்கொண்டாள். "திடீர்னு என்னப்பா பாசம் பொங்குது?" என்றாள். பாசம் இல்லை, படிவம் என்றேன். "பிடிவாதம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் வைத்தாள். மாப்பிள்ளை தூங்குவதைக்கூட மறந்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் குக்கர் நன்றாகக் கூவியது.

நான் மாறிவிட்டேன் என்று நீ நினைத்துவிடாதே. சின்னவள் செய்ததை நான் மறக்கவில்லை. நமக்குப் பேச்சுப் புரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டாள், அதையாவது விடலாம். கல்யாணப் பதிவு மனுவை எங்கே எழுதினாள்? என் ஸ்டூலுக்குப் பக்கத்து ஸ்டூலில். நான் உனக்குக் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்து வந்து, அந்தக் கண்ணாடிக்காரனிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் மனு எழுதியவன் பெண்ணுடைய மனுவை வேறொருவன் எழுதினான். மறுநாள் அவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "உங்க பொண்ணு விவரமான பொண்ணு, ஒரு இடத்துலயும் தடுமாறல. தகப்பனார் பேருன்னு கேட்டேன், இனிஷியலோட கணீர்னு சொன்னா" என்றான். அந்த டீயைக் கீழே கொட்டிவிட்டு வந்தவன்தான் நான். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பிள்ளைகள். அதைச் சொன்னேன், இனியும் சொல்வேன். அவள் நர்ஸ் வேலைக்குக் கப்பலேறினாலும் விமானமேறினாலும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் நான் வாயால் சொன்னேன். ஒரு மனுவில் எழுதவில்லை.

உனக்கு நினைவிருக்கலாம். தாயார் செத்த பதினாறாம் நாள் ஒருத்தன் வந்து வாரிசுச் சான்றுக்கு எழுதச் சொன்னான். அண்ணன் தம்பி இருவர் பெயரையும் சொன்னான். தங்கையைக் கட்டிக் கொடுத்தாயே, அவள் எங்கே என்று கேட்டேன். "அவ எங்களோட பேசறதில்லீங்க" என்றான். பேசாதவள் பிறக்காதவளா என்று கேட்டு, காகிதத்தைச் சுருட்டி அவன் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினேன். அவனும் கண்ணாடிக்காரனிடம்தான் போனான். முப்பத்தொரு வருஷத்தில் பெற்ற வயிற்றைப் பொய்யாக்கி ஒரு வரி எழுதாதவன், என் வயதான காலத்தில், என் பெயரிலேயே, என் மகள் மேலேயே கோடு போட வேண்டுமாம். அதற்கு மஞ்சள் சீட்டு ஒட்டி இடமும் காட்டுகிறார்கள்.

இதில் மகனுக்கு வேண்டியது நீ. நான் உன் மனுவோடு நூல் கட்டி வரும் இணைப்பு. அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் பார்த்தேன். பதினாறாம் பக்கத்தில் உன் கையெழுத்து. நான் கற்றுக்கொடுத்த நான்கு எழுத்து, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்து கிடக்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொன்னார்களா? "அம்மாவுக்கு எல்லாம் தெரியும்" என்கிறான் மகன். மஞ்சள் சீட்டைக் காட்டியிருப்பான், நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேறு மாதிரியும் யோசித்தேன். தெரிந்தே போட்டிருந்தால், இந்தக் கிழவனோடு ஒரு கூரையின் கீழ் இருப்பதற்கு வேறு வழியில்லை என்றுதான் போட்டிருப்பாய். ஒன்பது வருஷமாக முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அவளுக்காக அழுதவள் நீ. அப்படிப்பட்டவள் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாய் என்றால், அது எந்த மாதிரிக் கையெழுத்து என்று எனக்குத் தெரியாதா? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. இப்போது இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தக் கோட்டை அடித்தேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன், முறைப்படி. மேலே தடித்த எழுத்தில் சின்னவள் பெயரை எழுதினேன். பிறந்த தேதியை எழுதினேன், யாரையும் கேட்கவில்லை. பிறந்த ஊர் எழுதினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். மகனுக்கும் சொல்லிவிட்டேன். "அப்ப அம்மா விசா முடிஞ்சதும் கிளம்ப வேண்டியதுதான், உங்களால எல்லாருக்கும் கஷ்டம்" என்று கத்தினான். கத்தட்டும். இந்தப் படிவத்தை நிராகரித்துவிடுவார்கள் என்று எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். நிராகரிக்கட்டும். மூன்று பிள்ளை பெற்றோம், மூன்றும் மூன்று திசைக்குப் போயின. அதற்காக ஒன்றைக் குறைத்துக் காட்டித்தான் இடம் வாங்க வேண்டும் என்றால் அந்த இடம் எனக்கு வேண்டாம்.

உன் விசாவுக்கு இன்னும் இரண்டு மாதம். நான் அடுத்த மாதமே கிளம்புகிறேன். வீட்டைத் திறந்து தூசி தட்டி, தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்து வைக்கிறேன். நீ வருவாயா, அங்கேயே வேறு வழி பார்ப்பாயா என்பதை நீயே முடிவு செய். இரட்டைப் பிள்ளைகளை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நீ இல்லாமல் ஒரு வீட்டைத் திறப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி கோரிக்கை. மூன்றாவது வரிசையில் கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. தற்போது வசிக்கும் நாடு, முழு முகவரி. அதை நிரப்ப எனக்குத் தெரியவில்லை. முதலில் வேலைக்குப் போன நாட்டில் அவள் இப்போது இல்லை என்று காதில் விழுந்தது. வேறு எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரி, ஒன்றும் தெரியாது. பெரியவளைக் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். நீ இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குப் போகும் நேரத்தில் அவளோடு பேசுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாதே, மறுக்கவும் வேண்டாம். கட்டம் காலியாக இருக்கும் மனுவை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. கதவு எண், தெரு, ஊர், நாடு எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. அவளுக்குப் பிள்ளை குட்டி இருந்தால் அதையும் எழுது. படிவத்தில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதிக்கொள்வேன்.

உனக்கும் இரட்டைப் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. மகனையும் மருமகளையும் ஆசீர்வதித்ததாகச் சொல். அவன்மேல் உள்ள கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு.

தொலைபேசி எண்ணுக்கும் அந்த வரிசையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அவள் அங்கே விழித்திருக்கும் நேரம் எது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்