மெட்டிக்கு இடம் விட்டு

ஜூன் 8, 2025, ஞாயிறு

செங்கல்பட்டுக்குப் போய் ஞானம்பாள் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தோம். என் கணவர் பாலுவின் அண்ணன் மனைவி. ஓரகத்தி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்காதான். சர்க்கரையில் கால் இரண்டும் மரத்துப் போய்விட்டன. மார்ச்சில் வந்த புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் வாசுதேவன் மாமா வாங்கி வந்த ரப்பர் செருப்பு விலைச் சீட்டோடு கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

"வூட்டுக்குள்ள செருப்பா? அடுப்பாண்ட செருப்புக் காலோட நின்னுகினு ஆக்கினா அது சோறா?" என்கிறாள் அக்கா.

கிளம்பும்போது எனக்கு ஒன்று தோன்றியது. நான் கையால் செய்யும் கம்பளிச் செருப்பு. ஆனால் மூத்தவளிடம் "காலைக் காட்டுங்க, அளவெடுக்கணும்" என்று எப்படிக் கேட்பது? வாசலில் கிடந்த அவளுடைய செருப்பைச் செய்தித்தாள் மேல் வைத்து, சுற்றி வரைந்துகொண்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. கேன் தண்ணீரைச் சுட வைத்தேன்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: தையல் கிடையாது. கம்பளி இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் தெளித்துத் தேய்த்து, பாயில் சுருட்டி உருட்டினால் கம்பளி தன்னோடு தானே சிக்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. தலைமுடியில் சிக்கு விழுந்தால் திட்டுகிறோம். இங்கே சிக்குக்காகத்தான் இத்தனை பாடு. கெட்டிப்படும்போது மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அளவைவிடப் பெரிதாகத் தொடங்க வேண்டும். நான் செய்த முதல் ஜோடி ஒரு பொம்மைக்குக்கூடச் சேரவில்லை.

கீழ்வீட்டு ஹெலன் பள்ளி ஆபீஸிலிருந்து நேராக மேலே வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னா ப்ரியா, வூடே ஆட்டு மந்தை மாரி நாறுது! பாலு சார் இன்னும் ஓடிப் போகலையா?"

உட்கார்ந்து ஒரு பக்கத்தை அவளே உருட்டிக் கொடுத்தாள். டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்க அடியில் மெல்லிய தோல் வைத்து ஒட்டினேன். ஏசி அறையில் கால் விறைத்துப்போகிற ஆபீஸ் பெண்களுக்கு இதுவரை நான் செய்ததெல்லாம் இப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வாங்கித் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. திருப்பினாள்.

"தோலாச்சேடி!"

"வழுக்காம இருக்கணும்னுதான்க்கா..."

"நீ படிச்சவ. சாமி ரூமுக்குத் தோலை இட்டுகினு போவியா?"

திட்டவில்லை. எடுத்துக்கொண்டு போய் வாசல் ஸ்டாண்டில், மேல் தட்டில், ஜோடியாக வைத்தாள். மதிப்பாகத்தான் வைத்தாள். அதுதான் வலித்தது.

ஜூன் 16

கோபமா? இல்லை. கொஞ்சம். ஆமாம், கோபம்தான்.

ஜூன் 18, புதன்

சாப்பிடும்போது பாலு கேட்டார்: "வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தும்போது அண்ணி எதுமேல உக்காருவாங்க?"

கம்பளித் துண்டு! கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றேன். கம்பளிக்குத் தீட்டு இல்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். தோல் வைத்து அதைச் செருப்பாக்கியது நான்தான்.

ஜூன் 22, ஞாயிறு

தோலை உரித்துவிட்டு, கோணி ஊசியால் அடியில் சணல் கயிறு தைத்திருந்தேன். முடிச்சு ஒன்றுகூட உள்பக்கம் வராமல்.

"இது செருப்பு இல்லக்கா. நீங்க உக்கார்ற கம்பளிதான், காலுக்கு."

அக்கா மாமாவைப் பார்த்தாள். "ஏங்க, கம்பளிக்குத் தீட்டு இல்லதான?"

மாமா பேப்பரை இறக்கவில்லை. "முப்பது வருசமா நீதான எனக்குச் சொல்லிகினு கீற."

"அப்ப சரி."

போட்டுக்கொண்டாள்! சமையலறைக்கும் சாமி அறைக்கும் ஒரு நடை நடந்து காட்டினாள்.

"எப்படி இருக்குக்கா?"

"பூ மாரி கீது."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே திருக்கழுக்குன்றம் வீடு வரை வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதிவிட்டுத் தூங்க வேண்டும்.

எங்கள் கல்யாண நாள். ஆசீர்வாதம் வாங்கச் செங்கல்பட்டு போனோம். நாங்கள் காலில் விழ வந்ததும் அக்கா கம்பளிச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குனிந்தேன். இரண்டாவது விரலில், மெட்டியை ஒட்டி, சிவப்பாக ஒரு தடம். மெட்டி சதைக்குள் பதிந்திருக்கிறது.

என் செருப்பு. என் செருப்புதான் அழுத்தியிருக்கிறது.

பூ மாதிரி என்றாள், நானும் நம்பினேனே! மரத்துப் போன காலு வேற இன்னா சொல்லும்? முள்ளு மேல நின்னாலும் பூன்னுதான் சொல்லும். ஏன்டி, உனக்கு அறிவு இருக்கா?

அழுதுவிட்டேன். "நல்ல நாளும் அதுவுமா அழுவாத. ஒண்ணும் இல்ல," என்று புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். மெட்டியைக் கழற்றச் சொன்னேன். டாக்டரும் முன்பே சொல்லியிருக்கிறாராம்.

"கழட்டுனா மாமா இன்னா ஆவாரு?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது, கழட்டு," என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க."

ஜூலை 7

மாமா போன் செய்தார். டாக்டர் பார்த்துவிட்டார். தோல் கிழியவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் புண்தான் என்றாராம். அந்த ஜோடி வேண்டாம், தாராளமாக இருந்தால் கம்பளி நல்லதுதான், ஆனால் தினமும் காலைப் பார்க்க வேண்டும் என்றாராம். நேற்றுக் காலை வரை என் செருப்பை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டவள், இப்போது ரப்பர் செருப்பையும் போடாமல் வெறுங்காலோடு நடக்கிறாளாம்.

ஜூலை 9, புதன்

நான் காலை அளக்கவில்லை, செருப்பை அளந்தேன். வாசல் செருப்புக்கு இரண்டு வார்தான், விரலுக்கு மேலே வானம். மெட்டிக்கு அங்கே என்ன கஷ்டம்? கம்பளிச் செருப்புக்குக் கூரை உண்டு. அந்தக் கூரையில் மெட்டிக்கு நான் இடம் விடவில்லை. என் காலிலும் மெட்டி இருக்கிறது. ஆனால் என் கால் உறுத்தினால் சொல்லிவிடும்.

ஹெலனிடம் சொன்னேன். "காலைக் காட்டுன்னு கேக்க வெக்கப்பட்டுகினு செருப்பை அளந்தியா? நீயெல்லாம் எந்தக் காலேஜ்மா?" சிரித்தாள். பிறகு, "போய்க் கேளு," என்றாள்.

யாருக்காகச் செய்தேன்? அக்காவுக்காகவா, என் கைவேலை ஒருவருக்குத் தேவைப்பட வேண்டும் என்பதற்காகவா? இரண்டும்தான். இரண்டும் இருந்தால் தப்பா?

ஜூலை 13, ஞாயிறு

கேட்டேன். "எதுக்குடி?" என்றாள். "உங்க கால் மேலயே வச்சுத்தான் இதுக்கு வடிவம் கொடுக்கணும்க்கா." மாமா கடைக்குப் போன பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள்.

சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரம். அதுதான் சரியான அளவு. நிற்க வைத்தேன், உட்கார்ந்தால் பாதம் விரியாது. பாதி கெட்டிப்பட்ட ஈரக் கம்பளியை, காலுக்குப் பால் கவர் சுற்றி, மாட்டினேன். வெந்நீர் கூடாது, சுட்டால் அவளுக்குத் தெரியாது. வெதுவெதுப்பாக, என் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தெளித்தேன்.

நான் குனிந்து பாதத்தைத் தொட்டதும், "நல்லாயிரு," என்றாள். பழக்கம். மறுபடி தொட்டேன், மறுபடி "நல்லாயிரு." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னிக்கு வாங்குனது உன் பேரப் புள்ளைங்களுக்கும் சேத்து வரும்."

மெட்டிக்கு மேலே கம்பளியை விரல் நுனியால் தூக்கித் தூக்கி, ஒரு சின்ன மேடு வைத்தேன். என் விரல் உள்ளே நுழைந்து சுற்றி வரும் வரை.

"இனிமே எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன்க்கா. காலைத்தான் பாப்பேன். தினமும் மாமாகிட்ட காட்டுங்க."

அவள் சிரிப்பு நின்றது. "எனக்கே என் காலைப் பாக்கப் புடிக்கலடி. அவராண்ட காட்டச் சொல்றியே."

கம்பளியை அலசி, சோப்புத் தண்ணீரைக் கொட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

காய்ந்த ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். அரை மணி கழித்து நானாகக் கழற்றிப் பார்த்தேன், தடம் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 29

மாமா போனில்: "போட்டுகினுதான் கீறா. காலை மட்டும் காட்டறதில்ல."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாலுவுக்கு வேலை, நான் மட்டும் போனேன். அக்கா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா எதிரே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் ஊருக்குப் போன கதை ஓடிக்கொண்டிருந்தது.

"ரோடெல்லாம் தண்ணி. நான் கூவறேன், யாரு கேக்கறா..." சொல்லிக்கொண்டே குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பேச்சு நிற்கவில்லை. விரல் விரலாகப் பார்த்தேன், மெட்டியை நகர்த்தி அதற்கடியிலும் பார்த்தேன். சுத்தம். தட்டினேன். அந்தக் கால் இறங்கியது, அடுத்தது வந்தது.

"...கடைசில வாட்ச்மேன் வந்துதான் நிறுத்துனான். பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"செவ்வாக்கிழமை உங்க மாமா அந்தச் சுண்டு விரலாண்ட ஏதோ கீதுன்னாரு. கண்ணாடி போட்டுப் பாத்தா கீரைத் தூளு." மாமாவைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "இதுக்கு டார்ச் லைட்டு வேற!"

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தூள்னு பாத்தாத்தான தெரியும்," என்றார்.