பட்டறைக்குப் போகாமலே சிவந்த கண்

என் வீட்டம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நலம். வீடியோவில் முகம் காட்டாததற்கு நெட் காரணமில்லை. எதையோ மறைக்கிறேன் என்று நீ சந்தேகப்பட்டது சரிதான்.

தடுப்பூசி போட்ட காய்ச்சலில் வாரம் முழுக்க லீவு. இடது கண் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தது. என்னோடு அறையில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் வெல்டர்கள் ஆயிற்றே! "வெல்டிங் வெளிச்சம் அடிச்சிருக்கு" என்று உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணில் கட்டிவிட்டார்கள். நானும் அந்தக் கட்டோடு கிடந்தேன். அப்புறம்தான் உறைத்தது: பட்டறைப் பக்கமே போகாதவனுக்கு வெளிச்சம் எப்படி அடிக்கும்?

"ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்றார் கண் டாக்டர். கண்ணுக்குள் அழற்சியாம். "அபூர்வமா ஊசிக்கப்புறம் வரும். அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. சொட்டு மருந்துல சரியாயிடும்."

காரணமே உறுதியில்லை, சரியாவது மட்டும் உறுதியாம்! நம்பிக்கை வராமல் மருந்துப் பாட்டிலை முகர்ந்து பார்த்துத்தான் விடுகிறேன். ஆனாலும் கண் தெளிந்துவருகிறது, பயப்படாதே.

இனிக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுது. அதற்காக விஷயத்தைக் குறைத்துவிடாதே.

மருந்துக்கு நேரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறேன். இடது கண் மட்டும் சிவந்திருந்தால் இந்த வியாதிதான். இரண்டும் சிவந்திருந்தால் உன் நினைப்புதான், எதுவும் கேட்காதே.

உன் வீட்டுக்காரன்