மேட்டு மண்டபத்துக்கு யாரும் போக வேண்டாம்

ஜூன் 4

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் பிள்ளையின் கப்பல் இன்னும் கரை சேரவில்லை. "அம்மாகிட்ட நீயே பேசு, என்னை நடுவுல இழுக்காதே" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். தொலைபேசியில் பேசினால் நம் இருவருக்கும் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் அங்கே சாம்பல் அள்ள வரும் எங்கள் ஆய்வுக்கூட ஜீப் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நகரமன்றத் தலைவி என்ற முறையில் உங்களுக்கு எங்கள் இயக்குநர் அறிக்கை அனுப்புவார். படித்தால் தூக்கம் வரும். நான் நேராகவே சொல்கிறேன். போன வாரம் எரிமலை துப்பிய சாம்பலைப் பரிசோதித்தது நான்தான். உங்கள் மலை இத்தனை காலம் கக்கியது சிலிக்கா குறைந்த பாறைக்குழம்பு. நூற்றுக்கு ஐம்பது பங்குதான் இருக்கும், இளகி ஓடும். இப்போது வந்ததில் அறுபத்து நான்கு. நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை மலை வழியாது, வெடிக்கும். ஊரைக் காலி செய்யுங்கள் அத்தை.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

ஜூன் 6

ஆராய்ச்சிக்கார மருமகளுக்கு,

நலம். நலம் விசாரித்த கையோடு ஊரைக் காலி செய்யச் சொல்லும் மருமகள் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள்.

பிறந்ததிலிருந்து இந்த மலையோடுதான் குடித்தனம் செய்கிறேன். நல்ல குணமுள்ள மலை. குழம்பு பள்ளத்தைப் பிடித்து இறங்கும், நாம் நடக்கிற வேகம்கூட அதற்குக் கிடையாது. சங்கு ஊதியதும் ஊரே மேட்டு மண்டபத்துக்கு ஏறிவிடும். போன தடவை இரண்டு பக்கமும் நெருப்பு ஓடியது, நடுவில் நாங்கள் சீட்டாடிக்கொண்டிருந்தோம். ஒரு கோழிகூடச் சாகவில்லை. அந்த மண்டபத்துக்காக நான் எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினேன் என்று உன் வீட்டுக்காரனைக் கேள். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

நீ இவ்வளவு சொல்வதால், ஆஸ்பத்திரி நோயாளிகளையும் பள்ளத்துத் தெருக்காரர்களையும் இந்த வாரமே மண்டபத்துக்கு ஏற்றிவிடுகிறேன். போதுமா?

அத்தை

ஜூன் 7

அத்தைக்கு, அவசரமாக.

போதாது. மண்டபத்துக்கு மட்டும் யாரும் போக வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்ட நீங்களே மாவுப்பசை காய்ச்சுவீர்கள் என்று உங்கள் பிள்ளை பெருமையாகச் சொல்வார். தண்ணீர் கொதித்தால் குமிழி மேலே வந்து சும்மா உடையும். பசை கொதித்தால்? குமிழி வெளியே வர வழியில்லாமல் அடியில் முட்டி முட்டி, கடைசியில் முகத்தில் தெறிக்கும். சிலிக்கா கூடினால் பாறைக்குழம்பும் அப்படித்தான் கெட்டிப்படும். வாயு உள்ளேயே அடைபடும். குழம்பு ஓடாமல் மலை வாயிலேயே திரண்டு நிற்கும். அது வெடித்தால், கொதிக்கிற சாம்பலும் வாயுவும் சேர்ந்த மேகம் ரயில் வேகத்தில் சரிவில் இறங்கும். பள்ளத்தோடு அடங்காது, மேட்டையும் ஏறித் தாண்டும். மண்டபமோ ஊரைவிட மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இளகிய குழம்புக்கு ஒதுங்கி நின்றால் போதும். இதற்குத் தூரம் போகவேண்டும், ஆற்றைத் தாண்டி.

என்னை நம்ப வேண்டாம். தீயணைப்பு நிலையக் கோபுரத்திலிருந்து தொலைநோக்கியில் பாருங்கள், மலை வாய் வழிகிறதா, வீங்கியிருக்கிறதா என்று.

உங்களுக்குப் பிடிக்காத மருமகளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் எனக்கு உயிரோடு வேண்டும்.

மருமகள்

ஜூன் 9

மருமகளுக்கு,

பசை தெறித்த தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது. அறிக்கை ஏறாத மண்டையில் அது ஏறிவிட்டது.

கோபுரத்தில் நானே ஏறினேன். முழங்கால் போய்விட்டது. மலை வாயிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை. கருப்பாக ஒரு கட்டி உப்பிக்கொண்டு நிற்கிறது.

மன்றக் கூட்டத்தில் ஒரே கூச்சல். பேருந்து முதலாளி எழுந்து, "தலைவியம்மா, நீங்க கட்டின மண்டபத்தை நீங்களே பூட்டச் சொல்றீங்க. மருமக பேச்சைக் கேட்டு ஆடுறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "ஆமாய்யா, மருமக பேச்சைத்தான் கேக்குறேன். அவ கல்லைப் படிச்சவ. நான் உங்களைத்தான் படிச்சிருக்கேன். பஸ்ஸை எடுங்க" என்றேன். முதல் பேருந்தை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மண்டபத்தை நானே பூட்டினேன். பூட்டும்போது அழுதேன், அதை உன் வீட்டுக்காரனிடம் சொல்லாதே. ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் போனார்கள். இப்போது ஊரே ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டிருக்கிறது.

அத்தை

ஜூன் 16

அன்புள்ள அத்தைக்கு,

டிரைவர் எல்லாம் சொன்னார். மலை சும்மா கிடக்கிறதாம். மழையில் கூடாரம் ஒழுகுகிறதாம். உங்களை முகத்துக்கு நேரே திட்டுகிறார்களாம். நாளை மறுநாள் வீடு திரும்பப் போவதாகப் பாதிப்பேர் மூட்டை கட்டிவிட்டார்களாம்.

என்றைக்கு வெடிக்கும் என்று கேட்டனுப்பியிருந்தீர்கள். தெரியவில்லை அத்தை. குழம்பின் குணத்தைக் கல் சொல்லும், நாளைச் சொல்லாது. ஆனால் சரிவு இன்னும் வீங்குவதைக் கருவி காட்டுகிறது. என்னால் உங்கள் பெயர் கெடுகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரையும் பாலம் தாண்ட விடாதீர்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 19

என் மருமகளுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

நேற்று காலை மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்களை மறித்துப் பாலத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போங்க" என்றேன். நல்லவேளை, என் எடை தெரிந்தவர்கள், யாரும் முயற்சி செய்யவில்லை. அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான் அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தால் மலைக்குத் தலை இல்லை. சாம்பல் மேகம் உருண்டு இறங்கியது. பள்ளத்தை நிரப்பி, மேட்டில் ஏறி, மண்டபத்தைத் தாண்டி, ஊருக்குள் பாதிவரை வந்துதான் ஓய்ந்தது. மண்டபம் இருந்த இடத்தில் ஒரு சுவர்கூட இல்லை என்று தீயணைப்பு அதிகாரி சொல்கிறார்.

மைதானத்தில் தெருத் தெருவாகப் பெயர் கூப்பிட்டோம். "இருக்கேன்", "இருக்கேன்" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கூடாரத்தில் பிறந்த குழந்தைக்காக அதன் அம்மா, "இவளும் இருக்கா!" என்று கத்தினாள். ஒருவர்கூடக் குறையவில்லை. உனக்குக் கேட்டிருக்க வேண்டும், அந்தக் கைதட்டல். பேருந்து முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க மருமக எங்கம்மா? ஒருதரம் பாக்கணும்" என்றார். "வரிசையில வாங்க" என்றேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

மண்டபம் போனதில் வருத்தம் இருக்கிறது. உட்கார்ந்து அழ அடுத்த மாதம் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இப்போது வேலை தலைக்கு மேல் இருக்கிறது. புதிதாக ஒன்று கட்டவேண்டும். ஜீப்பில் சாம்பல் மட்டும் போய் வந்தது போதும், நீ ஏறி வா. இடத்தை நீ காட்டு, கட்டுவது என் பாடு. சண்டை வரும். வரட்டும், சண்டை போட எல்லாரும் இருக்கிறோமே.

சாம்பல் படிந்த தலையோடு,
உன் அத்தை