மூன்று கோடு எலிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நலமா என்று கேட்டால் இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாய். அதனால் கேட்கவில்லை. ஐந்து நாளாக என் ஃபோனை நீ எடுக்கவில்லை, மெசேஜைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அத்தானோ லாரியோடு போயிருக்கிறார், வர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். உங்கள் டாக்டரின் கிளினிக்குக்கும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கூப்பிட்டபோது, "டாக்டர் சொன்ன மருந்தத்தான் குடுக்கறோம்" என்று வாய் கூசாமல் சொன்னாயாமே. கையால் எழுதியது எதுவானாலும் நீ கடைசி வரி வரை படிப்பாய். அந்த நம்பிக்கையில்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

தப்பு என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழைய பூச்சி மருந்து ஒன்று, நிற்காத வலிப்பை நிறுத்துமா என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? ஊசி போட்டு எலிக்கு வலிப்பை வரவழைப்போம். அரை மணி நேரம் விட்டுவிட்டு மருந்து கொடுப்போம். அந்த அரை மணி நேரமும் மருந்து கொடுத்த பிறகும் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. மீசை துடித்தால் ஒன்று, தலை ஆடினால் இரண்டு, முன்காலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தால் ஐந்து என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஐந்து என்று எழுதும்போதெல்லாம் உன் மகள், நம் வாயாடி, சமையலறைத் தரையில் விழுந்த நாள்தான் கண்ணில் வருகிறது. சில பக்கங்களில் என் எழுத்து எனக்கே புரியவில்லை.

எந்த எலிக்கு வழக்கமான வலிப்பு மருந்து, எதற்குப் பூச்சி மருந்து, எதற்கு இரண்டும் என்று குறிப்பு எழுதுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும். அதனால் வாலில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று போட்டு, விவரத்தை உறையில் போட்டு ஒட்டி, ஆய்வை நடத்தும் மேடம் தன் மேஜைக்குள் பூட்டிவிடுவார். இரண்டு கோடு எலிகள் கால் மணி நேரத்தில் அடங்கி, எழுந்து தண்ணீர் குடித்தன. பூச்சி மருந்தை மட்டும் வாங்கிய எலிகள் அவைதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உறையைத் திறக்கும்வரை பொறுக்கவில்லை. அன்றைக்கே உனக்கு ஃபோன் போட்டு உளறிக் கொட்டினேன்.

மறுநாளே நீ அந்தப் பூச்சி மாத்திரையை வாங்கிவிட்டாய். "மூக்குல அடிக்கிற மருந்தக் குடுத்தா பொம்மை மாதிரி உக்காந்துடறா, இனிமே அது வேணாம். அடுத்த தடவை வலிப்பு வந்தா இதத்தான் குடுக்கப் போறேன்" என்றாய். அவசரப்படாதே என்று நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து உறையைத் திறந்தார்கள். இரண்டு கோடு எலிகளுக்கு வழக்கமான வலிப்பு மருந்தும் பூச்சி மருந்தும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பூச்சி மருந்து மட்டும் போனது மூன்று கோடு எலிகளுக்கு. பத்தில் ஒன்றுக்குக்கூட வலிப்பு நிற்கவில்லை. மருந்து கொடுத்த அன்றே மாலைக்குள் ஏழு செத்துப்போயிருந்தன. அவற்றை எடுத்து மூடி வைத்தது நான்தான். சேர்த்துக் கொடுத்தால் சரிதானே என்று கிளம்பிவிடாதே. எலிக்கு ஒத்துக்கொண்டது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். "உங்க லேப் பெரிய எடம், மருந்து கேக்குதுன்னு வெளிய சொல்லாதே, வாய மூடுன்னு சொல்லியிருப்பாங்க, நீயும் மூடிக்கிட்ட" என்று ஃபோனை வைத்துவிட்டாய். அக்கா, என்னை யாரும் மிரட்டவில்லை. நடந்ததை எல்லாம் நானே மேடத்திடம் சொன்னேன். திட்டினார், திட்டாமல் என்ன செய்வார்? குறிப்பு எழுதும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது கூண்டு கழுவுகிறேன். ஆனால் அவர்தான், "உங்க அக்காவுக்கு எல்லாத்தையும் எழுதுங்க, செத்த எலிக் கணக்கையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

மூக்கு மருந்து அவளைத் தூங்க வைக்கிறது, பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று நீ படும் வேதனை எனக்குத் தெரியாதா? தூங்கி எழுந்தால் மறுபடி பேசத் தொடங்கிவிடுவாள், நம் காதுதான் வலிக்கும். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அந்த மருந்தை அடி, அப்போதும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. டாக்டர் சொன்னது அதுதான். கொஞ்சம் தூங்கட்டுமே அக்கா, தூங்கினால் என்ன?

ஒருவேளை ஏற்கெனவே மாத்திரையைக் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. தங்கை சொல்லித்தான் கொடுத்தேன் என்று சொல். என் பேரையும் வேலை செய்யும் இடத்தையும் சொல், அவர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

நீ என்னோடு பேசாமலே இரு, ஒரு வருஷமானாலும் தாங்கிக்கொள்வேன். இதைப் படித்து முடித்ததும் என் நம்பரைப் போட்டு ஃபோனை அவள் கையில் மட்டும் கொடு. அவள் "சித்தி" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும். உடனே நீ வாங்கி வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் தங்கை