அனுப்பலாம் என்ற முத்திரை

பிப்ரவரி 4, செவ்வாய்

என் காகிதங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வேண்டுமாம். துறைத்தலைவன் காலையிலேயே வந்து அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டுப் போனான். என் பழைய மாணவன். வகுப்பிலேயே ஆமாஞ்சாமி என்றுதான் பெயர். மழை வரும்போல இருக்கிறது என்று நான் சொன்னால் அறைக்குள்ளேயே குடையை விரிப்பான். "சார், இலக்கியப் பேராசிரியர், அதுவும் போர்முனைக்குப் போயிட்டு வந்தவர்... உங்க துண்டுச் சீட்டுகூட பொக்கிஷம் சார்." என் பெயரில் ஓர் அறை, நடுவில் கண்ணாடிப் பேழை, மே மாதம் திறப்பு விழா. கேட்கக் கேட்க எனக்குப் பல் கூசியது. வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை. எழுந்து போய் அலமாரிச் சாவியைத் தேடினேன்.

அவன் போன பிறகு மனைவி சொன்னாள்: "பழைய பேப்பர்காரரே ரெண்டு தடவ வேண்டாம்னுட்டுப் போன சாமான். இவங்க வண்டி வெச்சு எடுக்கறாங்க. நல்ல காலம்தான்."

பிப்ரவரி 6, வியாழன்

நூலகர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மாள். சொற்களைச் செலவழிக்க மனமில்லாதவர். பேனாவைப் பையில் போட்டு மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தார். பழைய தாள் பக்கத்தில் மை வரக்கூடாதாம். துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவில் சேர்த்தார். ஒவ்வொரு கட்டுக்கும் எண் போட்டார்.

என் விரிவுரைக் குறிப்புகள் வந்தன. போர்க்காலக் கடிதங்கள் பற்றிய உரை. அதைக் கேட்க வேறு துறைப் பிள்ளைகளும் வந்து சுவரோரம் நிற்பார்கள். ஓரங்களில் சிவப்புப் பென்சிலில் என் கையெழுத்து. 'இங்கே நிறுத்து.' 'கண்ணாடியைக் கழற்று.' 'குரல் தாழட்டும்.' 'தண்ணீர் குடி, அவசரப்படாதே.'

"இது உங்க எழுத்துதானே சார்?" என்றார் அந்த அம்மாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. எண் போட்டு உறையில் வைத்துவிட்டார்.

முப்பத்தொரு வருடம் அதே வரியில் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறேன். ஒரு வருடம்கூடத் தவறவில்லை. பிள்ளைகள் அழுதார்கள். அழவைத்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பா?

பிப்ரவரி 7, வெள்ளி

காலை டீயை அப்படியே வாசலில் ஊற்றிவிட்டேன். வயிற்றில் கோளாறு இல்லை. டாக்டரிடம் போய் என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று பிஸ்கட் டின்னைக் கொடுத்தேன். பதினான்கு கடிதங்கள். ஆமாஞ்சாமி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினான், பிறந்த குழந்தையை வாங்குவதுபோல. கண்ணாடிப் பேழை இதற்குத்தான்.

ஊரறிந்த கதை இதுதான்: போரில் எனக்குத் துப்பாக்கி வேலை அதிகம் இல்லை. படித்தவன் என்பதால் தபால் தணிக்கையில் போட்டார்கள். சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதுவதை முதலில் நான் படிப்பேன். ஊர்ப்பெயர், ஆள் கணக்கு, வண்டி போகும் பாதை ஆகியவற்றைக் கறுப்பு மையால் அடிப்பேன். மோசமான கடிதம் என்றால் அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அப்படி அழிக்கச் சொன்ன பதினான்கைத் தணிக்கை இளைஞன் ஒருவன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். அதை வைத்து ஒரு புத்தகம் எழுதினான். அந்தப் புத்தகத்தால் பேராசிரியர் ஆனான்.

முன்னுரையை இன்று எடுத்துப் படித்தேன். 'நெருப்புக்கு என்று ஒதுக்கியதை நான் நெஞ்சுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.' இருபத்தொன்பது வயதில் எழுதிய வாக்கியம். இன்றைக்கு வாயில் வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நூலகர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், ஒரு சந்தேகம். கடிதத்துக்குப் பின்னாடி 'அனுப்பலாம்'னு வட்ட முத்திரை இருக்கு. பதினாலுலயும் இருக்கு. அழிக்கச் சொன்னதுன்னு புத்தகத்துல போட்டிருக்கீங்க. பட்டியல்ல நான் எப்படி எழுதட்டும்?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன். "பாத்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

என்ன பார்க்கப் போகிறேன்? முத்திரை குத்தியவனே நான்தானே!

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது. ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை. எல்லாம் வீட்டுக்குப் போகவேண்டிய கடிதங்கள். படித்தேன், மை அடித்தேன், முத்திரை குத்தினேன். பிறகு பையில் போடாமல் மேசை இழுப்பறையில் போட்டேன். ஏன்? நன்றாக எழுதியிருந்தார்கள்! அதற்காகத்தான். வாக்கியம் நன்றாக இருந்தது, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். தபால் பையை நாலு மணிக்குக் கட்டிவிடுவார்கள். நாளைக்கு, நாளை மறுநாள். பிறகு முகாம் மாறியது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு பிரதி எடுக்கும் நினைப்புக்கூட இல்லை, நேராக எடுத்து வைத்துக்கொண்டேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினவன் கடிதமெல்லாம் ஒழுங்காக வீடு சேர்ந்தது. மனசைத் திறந்து எழுதினவன் கடிதம் என் இழுப்பறையில் கிடந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதை. மேய்ந்ததும் இல்லாமல் காவல் காத்ததற்கு மாலை வேறு.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆமாஞ்சாமியிடம் போய்ச் சொன்னேன். முழுவதையும். அதிர்ச்சி அடைவான், மேசையில் அடிப்பான், என்னை வெளியே போகச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தான். "சார், பேழையில முன்பக்கம்தானே தெரியும்? முத்திரை அடியில போயிடும். யாரு திருப்பிப் பாக்கப் போறா?"

"நூலகர் பாத்துட்டாங்களேடா."

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன் சார். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

இவனுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வேறு யார்மேல் பழி போடுவது?

பிப்ரவரி 16, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. நாற்பது வருடம் கூட இருந்தவளுக்கும் இது புதுச்செய்திதான். நான் உரையின் கடைசியில் படிக்கும் கடிதம், லாரி ஓட்டுநர் தன் மனைவிக்கு எழுதியது, அதைக் கேட்டாள். எனக்கு மனப்பாடம்.

'கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேனே, அது உன்மேல் கோபம் இல்லை. புறப்படப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், வந்து நானே சரிசெய்கிறேன். அதுவரை முக்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவை.'

எழுதிப் பன்னிரண்டாம் நாள் அவர் வண்டி கண்ணிவெடியில் போனது. அந்த முக்காலியைப் பற்றி நான் நாற்பது நிமிடம் பேசுவேன். முக்காலி ஒரு படிமம், வராதவனின் இருக்கை, வெறுமைக்கு மூன்று கால்... இன்னும் என்னென்னவோ.

மனைவி கேட்டாள்: "அந்தம்மா விலாசம் உறைமேல இருக்கா?"

"இருக்கு."

"எப்பவுமே இருந்துச்சா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ்ஸில் மூன்று மணி நேரம். நாற்பத்தாறு வருடமாக அந்த ஊர் மூன்று மணி நேரத் தொலைவில்தான் இருந்திருக்கிறது. நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"தபாலா? ஒரு தடவ தபால நம்பித்தான் அந்த மனுஷன் குடுத்தாரு. போய் நேர்ல குடுத்துட்டு வாங்க."

பிப்ரவரி 18, செவ்வாய்

நூலகத்துக்குப் போய்ப் பதினான்கையும் திரும்ப வாங்கினேன். நூலகர் காரணம் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டுக் கொடுத்தார், உறைமேல் பென்சிலில் விலாசம் இருந்தது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார் போலிருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

போனேன்.

அதே தெரு, அதே எண். அந்த அம்மாளே கதவைத் திறந்தார். எழுபது வயது, குட்டையான ஆள், பருத்த விரல்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரமும் ஒரு பேச்சைத் தயார்செய்திருந்தேன். ஏற்ற இறக்கத்தோடு, எங்கே நிறுத்துவது என்பதுவரைக்கும். புத்தி எங்கே போகும்! அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போனது.

"உங்க வீட்டுக்காரர் போர்முனையிலேர்ந்து உங்களுக்கு எழுதின கடிதம்மா. நான் அங்க தபால் பாத்தவன். அனுப்பாம நானே வெச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"நல்லா எழுதியிருந்தாரு."

நான் சொன்னது அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. எனக்கே புரியவில்லை, அவருக்கு எப்படிப் புரியும்? உட்காரச் சொன்னார். உறையிலிருந்து தாளை எடுத்தேன், என் கை தானாகக் கண்ணாடியைத் தேடியது. "படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேவிட்டேன்.

"வேண்டாம். நீங்க படிச்சதெல்லாம் போதும்."

தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அலமாரியிலிருந்து தன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். உதடு அசைய ஒரு முறை படித்தார், பிறகு இன்னொரு முறை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே பார்க்க?

"இத எத்தன பேருக்குப் படிச்சுக் காட்டியிருப்பீங்க?"

"வருஷத்துக்கு ஒரு அம்பது பேர். முப்பத்தோரு வருஷம். புத்தகமாவும் வந்திருக்கு."

"ஊரே கேட்டிருக்கு." தாளை மடித்தார். "தாழ்ப்பாள நான் அன்னிக்கு சாயங்காலமே மாத்திட்டேன். ஆணிக் கம்பெனியில வேல பாத்தவ, எனக்கு இது ஒரு வேலையா? அவரு வந்து செய்யணும்னு ஒண்ணும் இல்ல. கோவத்தோட போனாரா இல்லையான்னுதான் தெரியல. நாப்பத்தாறு வருஷமா அது ஒண்ணுதான் தெரியல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும். நான் எழுந்ததும் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"கதவ மெதுவா சாத்திட்டுப் போங்க."

சாத்தினேன். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வெறுமைக்கு மூன்று கால்! கதவுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்ன முக்காலிடா அது, மடையா.

மார்ச் 3, திங்கள்

ஆமாஞ்சாமி வந்து கெஞ்சினான். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டதாம். நகலாவது கொடுங்கள், பேழையில் வைத்துக்கொள்கிறோம் என்றான். முதல் தடவையாக அவனை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். அதற்கும் "சரி சார்" என்றுதான் சொன்னான்.

மார்ச் 15, சனி

இரண்டாவது விலாசத்தில் ஒரு செருப்புக்கடை. பக்கத்துக் கடையில் விசாரித்தேன், அந்தக் குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதில் மகன் இருந்தார், ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் சொல்லி முடித்ததும் கடிதத்தை வாங்கிப் பிரிக்காமலே நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அம்மா போயாச்சு. இனிமே யாருக்கு?" என்றார். என் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நூலகர் பட்டியலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். திறப்பு விழா கிடையாது, அறையும் கிடையாது. அடித்தளத்தில் ஓர் அலமாரித் தட்டு, அதுவே அதிகம். கடிதங்களுக்கென்று இருந்த ஆறாம் எண் பெட்டிக்கு நேராக இடம் காலியாக விட்டிருந்தார். நான் சொன்னேன், அவர் எழுதினார்: 'கடிதங்கள் இல்லை. தணிக்கையாளர் திருடியவை. உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்படுகின்றன.'

பென்சிலை நிறுத்தினார். "'எடுத்து வைத்தவை'ன்னு போடட்டுமா சார்?"

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

"சரி" என்றார். பிறகு, இதுவரை செய்யாத காரியம், பையைத் திறந்து பேனாவை எடுத்து அந்த வரியை மையால் எழுதினார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாளை ஐந்தாவது விலாசம். ஆறு நாற்பது பஸ். மனைவி பையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்தாள். "கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். படிக்கப் போவது நான் இல்லையே.