கீனக் கன்றில் ஒரு சிவப்பு நூல்

அன்புள்ள மகன் சுரேனுக்கு,

இங்கே குளிரைத் தவிர எங்களுக்குக் குறையில்லை. அங்கே கட்டாரில் வெயிலைத் தவிர உனக்கும் வேறு குறை இருக்கக் கூடாதென்று மாரியம்மனிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் மேகம் இறங்கி லைன் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். சொல்வது நான், எழுதுவது உன் தங்கை மேனுஷா.

நம் லயத்து வீடுகளுக்கு மேலே, காட்டோரம் குடை விரித்தமாதிரி நின்ற கீன மரம் போன வருஷ ஆடிக்காற்றில் விழுந்தது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீங்கள் இரண்டு பேரும் அதன் அடியில்தான் மழைக்கு ஒதுங்குவீர்கள். மழை விட்ட பிறகும் மரம் மேகத்தைப் பிடித்துச் சொட்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் நனைந்துதான் வருவீர்கள். நீ போன அன்று அப்புத்தளை பஸ் வளைவில் மறையும்வரை நான் நின்றதும் அங்கேதான். இந்தப் பக்கத்துக் காட்டில் காய்த்துக்கொண்டிருந்த கீன அது ஒன்றுதானாம். விழுந்த கிளைகளில் பொறுக்கிய விதைகள் முளைத்து ஒரு கூடைக்குள் அடங்கும் அளவுக்குத்தான் கன்று வந்தது. காட்டு மரங்களுக்குக் கன்று வளர்க்கும் நாற்றுக் கொட்டிலைப் பார்க்கும் ஷுக்ரி சேர், அவற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையை மேனுஷாவுக்குக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவள் கன்றுகளோடு பேசுகிறாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை.

மாசியில் ஒருநாள் அவளுக்குச் சோறு கொண்டுபோய், கன்றுகளின் பக்கத்தில் நின்றிருந்தேன். பார்த்தால் என் கையில் ஒரு பிடி கொழுந்து! இத்தனை வருஷம் தேயிலை எடுத்த விரல், தளிரைக் கண்டதும் தானாகக் கிள்ளிவிட்டது. யார் செய்த வேலை இது என்று சேர் சத்தம் போட, நான் கொழுந்தை முந்தானைக்குள் மறைத்தேன். இவள் முன்னால் வந்து, "எங்கம்மாதான் சேர், கை பழக்கம். கொழுந்து போனா சாகாது, பக்கத்துல துளிர்க்கும். என்னைய நிப்பாட்டிறாதீங்க, நான் காப்பாத்திக் குடுக்குறேன்" என்றாளே! இவளுக்கு இவ்வளவு சத்தம் வருமென்று எனக்கே தெரியாது. சேர் சிரித்துவிட்டார். "இனிமே ஒங்கம்மாவ கையக் கட்டிக்கிட்டு வரச்சொல்லு" என்றார்.

எல்லாம் பிழைத்துவிட்டன மகனே. கிள்ளியவை இரண்டு கிளையாகத் துளிர்த்திருக்கின்றன. போன வாரம் மழைக்கு, மரம் விழுந்த இடத்திலேயே நட்டோம். ஒன்றில் மட்டும் இவள் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள், அது உன்னுடையதாம். மெதுவாகத்தான் வளருமாம். அதன் அடியில் நான் ஒதுங்கப் போவதில்லை, நீங்கள் ஒதுங்குவீர்கள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். அம்மன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நீ வரும்போது பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பழக்கத்தில் மேலே பார்ப்பாய், அங்கே வெறும் வானம்தான் இருக்கும். பயப்படாதே. ஏறி வந்து குனிந்து பார்.

உன் அம்மா,
ரெங்கம்மா

அண்ணா, நான் கன்றுகளோடு பேசுவதில்லை. பாடுவதுதான். – மேனுஷா