தடத்தில் நின்ற தண்ணீர்

இன்று காலை வாசல் கதவைத் திறந்ததும் அந்த வாடை. அழுகிய முட்டையும் உப்பும் கலந்த அலையாத்திச் சேற்றின் வாடை. உனக்கு மட்டும்தான் அது நல்ல வாசனை. தெருவுக்குள் கடல் வந்துவிட்டதோ என்று ஒரு நொடி பயந்துபோனேன். பிறகுதான் பார்த்தேன். செருப்பு அலமாரியின் அடித்தட்டில் உன் நீல ரப்பர் செருப்பு. நாம் கடைசியாக நடந்துவிட்டு வந்த அன்று, என் வீட்டுக் குழாயடியில் கால் கழுவிவிட்டு, என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாய். "நாளைக்கு மாத்திக்கிடுவோம்ளா" என்றாய். உன் செருப்பின் அடியில் காய்ந்து கிடந்த சேறு இப்போது பெய்யும் மழையின் ஈரத்தைக் குடித்து மறுபடியும் மணக்கிறது.

வீட்டில் எல்லோரும் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நான் காதில் வாங்குவதில்லை. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்து அழுத்துகிறது. அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

துறைமுகச் சாலையில் அந்தக் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தோம். வாரம் முழுக்கக் கன்டெய்னர் நம்பர்களைத் தட்டித் தட்டி விரல் மரத்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை நீ பூசை முடிந்தும், நான் ஆராதனை முடிந்தும் தேசியப் பூங்காவின் வாசலில் சந்திப்போம். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் புல்தரையையும் தேடி வருகிற வெளியூர்க்காரர்களைப் பார்த்து நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். கடலுக்குள் கிடக்கும் தீவுகளும், அவற்றுக்கு எதிரே நீளும் சதுப்பும்தான் நம் பூங்கா. தீவுகளுக்கு யாரையும் விடுவதில்லை. நமக்கு வாய்த்தது கரைப்பக்கத்து ஒற்றையடிப் பாதை. அது வாசலில் தொடங்கி, உப்பளத்து வரப்பை ஒட்டிப் போய், அலையாத்தி மரங்களுக்கு நடுவே நுழைந்து, ஒரு பரந்த மணல்திட்டில் முடியும். அங்கே நின்றால் எதிரே தீவு தெரியும்.

நீ அந்த வாசலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, அதே வீட்டில் வாழ்ந்தவள். நான் உடன்குடிச் செம்மண்ணில் பனைகளுக்கு நடுவே வளர்ந்தவள். முழங்கால் தண்ணீருக்கே கர்த்தரைக் கூப்பிடுவேன். அதை வைத்து நீ பண்ணாத கேலி இல்லை.

முதன்முதலாக மணல்திட்டு வரை போன நாள் நினைவிருக்கிறதா? வெயில் இதமாக இருந்தது, காற்று அடங்கியிருந்தது. பயம் தெளிந்து, கருப்பட்டிக் காப்பி பிளாஸ்க்கைத் திறந்துகொண்டு உட்காரப் போனேன். நீ கடலைப் பார்க்கவே இல்லை. வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மூடு பிளாஸ்க்க. திரும்பணும்."

"எதுக்கு? கடல் அங்கன தூரத்துலல்லா கெடக்கு?"

"கடல எதுக்குப் பாக்கா? நம்ம காலடியப் பாரு."

பார்த்தேன். வரும்போது ஈர மணலில் நாம் பதித்த தடங்கள் வெறும் குழிகளாக இருந்தன. இப்போது ஒவ்வொரு குழியிலும் தண்ணீர். அலை வரவில்லை, மழை பெய்யவில்லை. அடியிலிருந்து ஊறி வந்து, சத்தமில்லாமல் நின்றது.

"கடல் ஏத்தம் முன்னால வராதுளா. ஓடை வழியா, மண்ணுக்கு அடி வழியா, முதுகுப் பக்கமாத்தான் வரும். தடத்துல தண்ணி நின்னா ஒண்ணும் யோசிக்கப்பிடாது. திரும்பிரணும்."

நீ சொன்னதை நான் நம்பவில்லை. உன் நடையின் வேகத்தைத்தான் நம்பினேன். அலையாத்திக்கும் மணல்திட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் காலையில் வெறும் சேறாக இருந்தது. திரும்பும்போது அது தொடையளவு ஓடை. நான் "எக்கா, எக்கா" என்று அலறியபடி உன் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். மறுகரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது பாதையே இல்லை. நான் காப்பி குடிக்க உட்காரப் போன இடத்தில் ஒரு நாரை கால் நனைய நின்றுகொண்டிருந்தது. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அன்று முழுவதும் நீ சிரிக்காததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அதன் பிறகு எத்தனையோ முறை போனோம். பறவை பார்த்தோம், சங்கு பொறுக்கினோம், உன் மாமியாரையும் என் மேனேஜரையும் வறுத்தெடுத்தோம். ஆனால் பேச்சு எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் நீ நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாய்.

அப்படிப்பட்ட நீ, உன் காலை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாய்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்து, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாய். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "பாத்தியா, என் மேல நானே நடந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். கோயில் திருவிழா முடியட்டும் என்றாய். திருவிழா முடிந்தது. உன் மகள் அனிட்டாவின் பரீட்சை முடியட்டும் என்றாய். அதுவும் முடிந்தது. ஒவ்வொரு முறையும் நான் உன் காலைப் பார்ப்பேன், நீ சேலையை இழுத்து மூடிக்கொள்வாய். சிறுநீரகம் என்று கண்டுபிடித்துச் சொன்னபோது நீர் நெஞ்சு வரை ஏறியிருந்தது. கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தாய். "தடத்துல தண்ணி நின்னுச்சுளா. நாந்தான் திரும்பல" என்றாய்.

எனக்கு உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அழுகை ஒரு வழியாக அடங்கிவிட்டது, கோபம் அடங்கவில்லை. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவளுக்குத் தன் விஷயத்தில் மட்டும் என்ன அலட்சியம்!

நீ போன பிறகு பாதை மாறிவிட்டது. மக்கள் சேற்றில் வழுக்கி விழக்கூடாது என்று வாசலிலிருந்து மணல்திட்டு வரை சிமெண்ட் கல் பாவிவிட்டார்கள். ஓரத்தில் கம்பி, கடைசியில் செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டும் வேலை அனிட்டாவுக்குக் கிடைத்தது. முதுகுவலியோடு முடங்கிக் கிடக்கும் உன் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நல்லது நடந்திருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கல் மேல் முதன்முறை நடந்தபோது, பழக்கதோஷத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். கல். வெறும் கல். எனக்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் நடந்திருந்தும் ஒரு தடம்கூட இல்லை. தண்ணீர் வந்து நிற்பதற்கு அங்கே ஒரு குழி இல்லை. அன்றிலிருந்து நான் கல்லில் நடப்பதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பிக்கு வெளியே சேற்றில் நடக்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, பெரிய கூட்டம். அனிட்டா அவர்களைக் கல்லில் அழைத்துப் போக, நான் பக்கத்தில் சேற்றில் நடந்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இலை அசையவில்லை. அலையாத்தியையும் பள்ளத்தையும் தாண்டி மணல்திட்டுக்குப் போகிற நேரத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். என் தடங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர்.

"அனிட்டா, எல்லாரையும் திருப்பு" என்றேன்.

"சித்தி, இப்ப வத்தம், தண்ணி எறங்குற நேரம். போன்லயே போட்டிருக்கு."

கூட்டத்திலிருந்த ஒருவர், "அந்த ஆர்ச் இதோ தெரியுதே, இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போறதா?" என்றார். அனிட்டா என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "ஏற்கெனவே ஒருக்கா ஆள்க புகார் சொல்லிட்டாங்க சித்தி. இன்னொரு மட்டம் சொன்னா என் வேல போயிரும். அம்மா மாதிரி நீங்களும் பயங்காட்டாதீங்க."

"உங்கம்மா யாரையும் பயங்காட்டல. எறங்கிப் பாரு."

கோபத்தோடுதான் இறங்கினாள். சேற்றில் காலை அழுந்த வைத்து எடுத்தாள். இருவரும் குனிந்து பார்த்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ஏறி விளிம்பைத் தொட்டது. அவள் நிமிர்ந்தபோது அது உன் முகம். சிரிப்பைத் துடைத்துவிட்ட அதே முகம். "எல்லாரும் திரும்புங்க, இப்பவே" என்று அவள் போட்ட சத்தத்தில் முணுமுணுத்தவர்களும் நடந்தார்கள்.

பள்ளத்தில் பாவிய கல் தண்ணீருக்கடியில் கிடந்தது. அலையோ இரைச்சலோ இல்லை. தெளிந்த தண்ணீர் கல்லின் மேல் வழுக்கி ஓடிக்கொண்டிருந்தது, சின்னச் சின்ன மீன்கள் அதற்குள் திரிந்தன. ஒரு வயதான அம்மாவை மகன்கள் இருவர் தூக்கிக்கொண்டார்கள். கடைசி ஆள் கடந்தபோது இடுப்பளவு. பிடித்திருந்த கம்பி ஆடியது. மறுகரையில் நின்று திரும்பினால் வளைவின் மேல்பாதி மட்டும் கடலில் நின்றது. அந்த இடத்தில் ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை.

மறுநாள் செய்தியில் கள்ளக்கடல் என்றார்கள். காற்றும் மழையும் இல்லாமல் எங்கோ கிளம்பிய கடல் இங்கே வந்து ஏறுமாம். அனிட்டாவின் வேலை போகவில்லை. அந்தக் குடும்பமே மேலிடத்துக்கு நல்லபடியாக எழுதியிருக்கிறது. அடுத்த வாரம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். "இனிமே நான் கல்லுல வாரேன், நீங்க சேத்துல வாங்க சித்தி. நீங்க சொன்னா திருப்பிருதேன்" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் மணல்திட்டில் வைத்துத் திரும்பினோம். பிறகு அலையாத்திக்கு நடுவிலேயே திரும்ப வேண்டி வந்தது. பிறகு உப்பளத்து வரப்போடு. சில வாரம் நன்றாக வற்றிக் கிடக்கும். இருவரும் மூச்சு விட்டுக்கொள்வோம். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீர் நிற்கும். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. நீ சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டது போலத்தான் நாங்களும்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை இன்னும் தொடங்கவில்லை. பூங்கா வாசலைத் திறந்து, உள்ளே கல்லை விட்டு மண்ணில் முதல் அடி வைத்தேன். காலை எடுத்தேன். தண்ணீர் நின்றது. அனிட்டா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

காத்திருந்தவர்களை இன்றைக்கு நடை இல்லையென்று அனுப்பிவிட்டு வாசலைப் பூட்டினாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஏறினார்கள். தண்ணீர் நின்றால் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய், எக்கா. எதுவரைக்கும் திரும்ப வேண்டும் என்று நாங்கள் யாரிடம் கேட்பது? நீ எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு பழக்கம்தான். கடைத்தெருவில் நடந்தாலும், கோயிலுக்குப் போனாலும், நின்று என் காலடியைத் திரும்பிப் பார்க்கிறேன். அன்றும் பார்த்தேன். வாசலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் மணல். அதற்கப்பால் இரண்டு தெரு, பிறகு உன் வீடு. நான் பார்ப்பதைப் பார்த்து அனிட்டாவும் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அந்த மணலில் அழுத்தி எடுத்தாள். இருவரும் குனிந்து வெகுநேரம் காத்திருந்தோம்.

"காஞ்சுதான் கெடக்கு, சித்தி" என்றாள்.

உன்னைப் போல ஏதாவது கேலி சொல்லி அவளைச் சிரிக்கவைக்க நினைத்தேன். வாயில் ஒரு வார்த்தைதான் வந்தது.

"இன்னைக்கு" என்றேன்.